கரண்ட் வந்துருச்சு

கடிதத்தின் மேல் ஓரத்தில் ‘குண்டனி நாடு, கொல்லிமலை’ என்று என் ஊரை எழுதிவிட்டேன். உறையின் மேல் எழுத, மகனே, உன் ஊர் எனக்குத் தெரியவில்லை. நீ மலையிறங்கிப் போனதிலிருந்து எந்த எண்ணில் பேசினாலும் மறுநாள் அந்த எண் உயிரோடு இருப்பதில்லை. உன் நண்பர்களைக் கேட்டால் தரையைப் பார்க்கிறார்கள். அதனால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நம் வீட்டு விஷயத்தை ஊர் படிக்கும், படிக்கட்டும். சந்தை நாளில், செம்மேட்டு பஸ் ஸ்டாண்டில், பாதி மலை கூடியிருந்தபோது நீ செய்ததை இனிமேல் நான் எதைப் போட்டு மூடுவது? பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன். படிக்கும்போது இது உனக்குத்தான் என்று உனக்குத் தெரிந்துவிடும்.

போன வாரம் சித்தியைக் கூப்பிட்டாய். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் அவள் வீட்டுப் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். “கேச வாபஸ் வாங்கச் சொல்லு சித்தி. இல்லீன்னா நான் மேல வாரேன். அந்தாளுக்கு மிச்சமிருக்கிற தாடையையும் பேத்துட்டு ஜெயிலுக்குப் போறேன்” என்றாய். “கேசு நாங்க குடுக்கலடா கண்ணு, எம்புள்ளைக மேல சத்தியம்” என்று அவள் அழுதாள். “அப்பறம் யாரு, பஸ் ஸ்டாண்டு நாயா வந்து குடுத்துச்சு?” என்றாய். யார் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியும். சொல்லி உன்னை அந்தப் பக்கம் ஏவிவிட அவளுக்கு மனம் வரவில்லை. நான் ஈரக் கையோடு ஓடி வந்து போனை வாங்குவதற்குள் நீ வைத்துவிட்டாய். அந்த எண்ணும் அன்றோடு அணைந்துவிட்டது. உன் கேள்விக்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. கடைசியில்தான் எழுதுவேன். முதலிலேயே எழுதினால் மீதியைப் படிக்காமல் கிழித்துவிடுவாய்.

அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். இது உனக்குத் தெரியாது. பாடம் நடத்திவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பஸ்ஸின் படிக்கட்டில் நின்றிருந்தேன். உன் சித்தப்பா மிளகு மூட்டையின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நீ பைக்கை ஸ்டாண்டு போடாமல் அப்படியே கீழே தள்ளிவிட்டு வந்தாய். நின்றுகொண்டிருந்த ஒரு ஜீப்பின் பின்னாலிருந்து ஜாக்கி லீவரை உருவினாய். முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் பஸ் இன்ஜினை மீறிக் கேட்டது என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நீ அடித்துக்கொண்டே கேட்டாய்: “கரண்ட் வந்துருச்சா? சொல்லு, கரண்ட் வந்துருச்சா?” அவர் டீ கிளாஸைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டு “சாமி, சாமி” என்றார். சின்ன வயதிலிருந்து உன்னை அப்படித்தான் கூப்பிடுவார். இரண்டாவது அடி முகத்தில். தாடை ஒரு பக்கமாகப் போய் நின்றுவிட்டது. மூட்டை அவிழ்ந்து மிளகு சிதறியது. அதன் மேல் ரத்தமும் பல்லும் விழுந்தன. நீ அந்த மிளகில் வழுக்கி விழுந்தாய். எழுந்து, விழுந்து கிடந்தவரின் விலாவில் உதைத்தாய். உதைக்கும்போதும் அதே கேள்வி.

எனக்கு முன்னால் நின்றவர், “ஈபி ஆளாட்டம் இருக்குதுங்க. ரெண்டு நாளா கரண்டு இல்லீன்னு பையனுக்குக் கோவம்” என்றார். அவருக்குப் பின்னாலிருந்தவர், “அதுக்குன்னு இந்த அடியா? எங்கூட்லயும்தான் கரண்டு இல்ல, நான் யார அடிக்கிறது?” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். இறங்க வேண்டியவர்கள் எல்லாம் படியை அடைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு நான் குதித்திருக்கலாம். முன்னால் நிற்பவர்கள் இறங்கட்டும் என்று நின்றேன். வரிசையில் நின்ற பழக்கம் காலில் ஊறிக்கிடந்தது. நான் இறங்கியபோது நீ போய்விட்டாய். பைக்கின் சக்கரம் பட்ட இடத்தில் மிளகு நசுங்கி வாசனை மட்டும் எழுந்துகொண்டிருந்தது.

உன் கேள்வி ஊருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இதைப் படிப்பவர்களுக்கும் புரிய வேண்டுமானால் நாம் நின்ற வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கும் அது சரியாகத் தெரிந்திருக்கவில்லை என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நீ தத்தித் தத்தி நடந்த வயதில், அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட என் அண்ணன், கூடப்பிறந்தவள் என்ற முறையில் எனக்காக அங்கே மனுப் போட்டார். மனு என் பேரில். உன் அப்பாவும் நீயும் என் பின்னால் சேர்க்கப்பட்டவர்கள். நான் போனால்தான் நீங்கள் போகலாம். மனு போய்ச் சேர்ந்த தேதிதான் வரிசையில் நம் இடம். வருடத்துக்கு இத்தனை பேர்தான் என்று அங்கே சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனி அளவு. கணவன் மனைவிக்கு ஒரு வரிசை, பிள்ளைகளுக்கு ஒரு வரிசை, உடன்பிறந்தவர்களுக்கு ஒரு வரிசை. இந்தக் கடைசி வரிசை மற்றவற்றைவிட நீளம்.

மாதா மாதம் ஓர் அறிவிப்பு வரும். அதில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு முன்னால் மனுப் போட்டவர்கள் உள்ளே வரலாம் என்று பொருள். இங்கே ஒரு மாதம் போனால் அங்கேயும் ஒரு மாதம் நகரும் என்றுதான் ஆரம்பத்தில் நானும் கணக்குப் போட்டேன். அப்படி இல்லை. சில மாதம் ஒரு வாரம் நகரும். சில மாதம் அசையாது. ஆட்கள் அதிகமாகிவிட்டால் தேதி பின்னால் போகும். பின்னால் போகும் வரிசையை நம் ரேஷன் கடையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருந்தால் கடைக்காரர் முழு உடம்போடு வீட்டுக்குப் போயிருக்க மாட்டார். அறிவிப்புத் தேதி நம் தேதியைத் தாண்டிவிட்டால், நம் மனு ‘கரண்ட்’ ஆகிவிட்டது என்பார்கள். நடப்புக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். உன் சித்தப்பாவின் தாடை அந்த ஒரு சொல்லால் உடைந்தது.

காத்திருப்பவர்கள் சாதுவாக உட்கார்ந்திருப்பார்கள் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். நம் வீட்டில் அது அப்படி இல்லை. நாம் போகப்போகிறவர்கள் என்பதாலேயே எல்லாம் பழுதாகிக் கிடந்தது. மிளகுக்கொடி வைக்கலாம் என்று சித்தப்பா சொன்னால், “அது காய்க்கிறதுக்குள்ள நாங்க அங்க பனி அள்ளிட்டு இருப்போம், நீ வேணா வெச்சுக்க” என்று உன் அப்பா சிரிப்பார். அடுப்படியின் பின்கதவு கறையான் அரித்து விழுந்தது. புதுக் கதவு போடச் சொன்னேன். “போற ஊட்டுக்கு எதுக்குடி கதவு?” என்றார். இரண்டாவது முறை கேட்டபோது சோற்றுத் தட்டு சுவரில் போய் விழுந்தது. ஜீப்பின் பிரேக் பிடிக்கவில்லை என்று அவருக்கே தெரியும். விற்றுவிட்டுத்தானே போகப்போகிறோம், வாங்குகிறவன் மாற்றிக்கொள்ளட்டும் என்று ஓட்டினார். ஒரு மழை நாளில் கொண்டை ஊசி வளைவில் அந்த ஜீப் திரும்பவில்லை. அதை விபத்து என்று எழுதினார்கள். நான் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன்.

நீ அப்போது இரண்டாம் வகுப்பு. உன்னிடம் ‘அப்பா உடனே போய்விட்டார்’ என்று சொன்னோம். அப்படி இல்லை. உன் சித்தப்பா சவுக்கு மரத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். ஸ்டியரிங் மார்பில் இறுக்கியிருந்தவரைப் பிய்த்தெடுத்து முதுகில் சுமந்து மேலே வந்தார். அண்ணன் வாயிலிருந்து வந்த ரத்தம் தம்பியின் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் அத்தனை வளைவுகளையும் ஏறி வர வேண்டும். அதுவரை ரோட்டில் படுக்கவைத்துக் காத்திருந்தோம். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. ஒரு லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். சித்தப்பா எழுந்துபோய் அந்த லாரியின் கண்ணாடியை வெறுங்கையால் குத்தி உடைத்தார். அந்தக் கையை இறக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது உன் அப்பா இல்லை. கோபத்தில் அவர் கையோங்கி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்தத் தழும்பைப் பிடித்துக்கொண்டுதான் நீ பள்ளிக்கூடம் போனாய்.

கதவில்லாத அந்த அடுப்படி உனக்கு நினைவிருக்கும். மரவள்ளிக்காட்டில் பன்றி இறங்குகிறதென்று யாரோ அவுட்டுக்காய் வைத்திருந்தார்கள். தீனிக்குள் வெடிமருந்தை வைத்து மடக்கிப் போடுவார்கள். கடித்தால் வாயிலேயே வெடிக்கும். அப்படிக் கடித்த ஒரு பன்றி நம் அடுப்படிக்குள் வந்து நின்றது. கீழ்த்தாடை இல்லை, நாக்கு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குடத்தில் முகத்தை விட்டது, குடிக்க முடியவில்லை. குடம் முழுக்கச் சிவப்பானது. நீ பயத்தில் கையில் கிடைத்த விறகையெல்லாம் எடுத்து அதன் மேல் வீசினாய். சித்தப்பா வந்து உன் கையைப் பிடித்தார். கடப்பாரையால் ஒரே அடி. பிறகு வாந்தியெடுத்த உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “அத வலியோட நிக்க வெக்கக் கூடாது சாமி, அதான் மாமன் முடிச்சுட்டேன்” என்றார். சித்தப்பா என்று சொல்ல வேண்டிய இடத்தில் மாமன் என்றார். அவ்வளவு நடுங்கிக்கொண்டிருந்தார். சேலத்து ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் கட்டிப் படுக்கவைத்திருந்தபோது, அவர் உறிஞ்ச முயன்ற கஞ்சி சிவப்பாகத் திரும்பி வந்தது. அப்போது எனக்கு அந்தக் குடம் ஞாபகம் வந்தது. 

உன் பக்கத்து நியாயத்தையும் எழுதாவிட்டால் இது கடிதமாகாது. இந்த வரிசை உன்னிடமிருந்து பிடுங்கியது அதிகம். திருமணம் ஆகிவிட்டால் என் பின்னால் நிற்கும் இடத்தை நீ இழந்துவிடுவாய் என்பது சட்டம். ராசிபுரத்துப் பெண்ணின் வீட்டில் நீ, நான், சித்தப்பா மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். “கல்யாணத்துக்குத் தேதி சொல்லுங்க தம்பி” என்றார் அவள் அப்பா. “தேதி அமெரிக்காக்காரன் கையில இருக்குதுங்க மாமா” என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். “அப்ப பொண்ணையும் அவன்கிட்டயே போயி கேளுங்க” என்றார் அவர். சிரிக்காமல் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அந்த ஆவணியிலேயே வேறு இடத்தில் முடிந்தது. அன்றைக்கு நீ வீட்டுப் பலாமரத்தைக் குத்திக் குத்தி விரல் முட்டிகளைப் பிளந்துகொண்டாய். பின்னாலிருந்து கட்டிப்பிடித்த சித்தப்பாவை முழங்கையால் இடித்தாய். மூக்கில் ரத்தம் ஒழுக, “அடி சாமி, மரத்த அடிக்காத, என்னைய அடி. மரம் திருப்பிக் குடுக்குது பாரு” என்றார். அது வேடிக்கைப் பேச்சு. நீ அதை அனுமதி என்று எடுத்து வைத்துக்கொண்டாய் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு நீ மாதாந்திர அறிவிப்பைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாய். நான் அதற்கும் முன்பே நிறுத்தியிருந்தேன். நகராத ஒன்றை மாதா மாதம் பார்ப்பது படித்தவர்கள் செய்யும் ஜோசியம் என்பது என் எண்ணம். அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவில் உன் மாமா இருக்கும் ஊரில் புயலடித்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நான் விசாரித்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவர் கூப்பிட்டபோது என் போனுக்கு சிக்னல் இல்லை, சித்தப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார். இவர் மிளகு ஏணியின் மேல் நின்று, காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது பேசியிருக்கிறார். சாயங்காலம் வாசலில் வந்து நின்று, “அண்ணி, உங்க அண்ணன் போன் பண்ணுனாருங்க. கரண்டு ஆயிருச்சாம். உடனே உங்ககிட்டச் சொல்லச் சொன்னாருங்க” என்றார். “அப்பாடா. எத்தனை நாளா இருட்டுல கிடந்தாரோ” என்றேன். “அங்கயும் நம்மூரு மாதிரிதானாட்டம் இருக்குதுங்க” என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: ‘சொன்னார். கரண்ட் வந்ததில் சந்தோஷம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.’

யோசித்துப் பார். சித்தப்பா கேட்டதைக் கேட்டபடி சொன்னார். மின்னோட்டம் என்றால் என்ன என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிற நான்தான் அதை வீட்டு விளக்கு என்று புரிந்துகொண்டேன். என் அண்ணனோ, தங்கைக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது, காகிதங்களை அவளே அனுப்புவாள் என்று இருந்துவிட்டார். அனுப்பவில்லை என்றதும், கணவன் செத்த மண்ணைவிட்டு வர அவளுக்கு மனமில்லை போல, வற்புறுத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் ஒரு விஷயத்தை இரண்டாவது முறை கேட்பது மரியாதைக் குறைவு. அங்கிருந்து வந்த கடிதங்கள் மனுவில் எழுதிய நாமக்கல் வாடகை வீட்டுக்குப் போயிருக்கும். அந்த வீட்டை இடித்தே பல வருஷம் ஆகிறது. இரண்டு மரியாதைக்காரர்கள் வாயை மூடிக்கொண்டிருந்த மாதங்களில் தேதி நம்மைத் தாண்டி நின்றது, பிறகு பின்னால் போனது.

நீ எதேச்சையாக ஒருநாள் பழைய அறிவிப்புகளைத் திறந்து பார்த்திருக்கிறாய். நம் தேதி வந்து போனதைப் பார்த்தாய். மாமாவைக் கூப்பிட்டாய். “நான் அப்பவே உங்க சித்தப்பாகிட்டச் சொன்னேனே, கரண்ட் ஆயிருச்சுன்னு” என்றார் அவர். இருபத்தொரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இடமில்லை என்று எங்கோ படித்திருந்தாய். விரல்விட்டு உன் வயதை எண்ணினாய். தாண்டியிருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று பைக்கை எடுத்தாய். உன் மாமா அமெரிக்காவில் இருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். திருப்பி அடிக்காதவர் மூட்டையின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது என்று உனக்காகச் சிலர் பரிந்து பேசுகிறார்கள். நான் நம்பவில்லை. யாரை அடிக்கலாம் என்று பார்ப்பதற்கு உன் கண் நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தது. பேச முடியாத சித்தப்பா, ஒரு கையால் ஏணியில் ஏறுவதைப் போலக் காட்டினார். பிறகு கையைக் கவிழ்த்துக் கட்டிலில் விழவைத்தார். மிளகு பறிக்கும்போது விழுந்துவிட்டேன் என்கிறார். அவர் முகத்தில் லீவரின் வரி அப்படியே பதிந்திருந்தது. காவலர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெளியே கூட்டிக்கொண்டு போய், “மேடம், அவரே இல்லீங்கறாரு. பையன் பாரின் போறவன்னு சொல்றாங்க. கேஸ் போட்டா எல்லாம் போயிருமுங்க. பெரிய மனசு பண்ணி விட்டுருங்க” என்றார். நல்ல மனிதர். யாருடைய மனசை யார் பெரிசு பண்ணுவது என்று அவரிடம் கேட்கவில்லை.

அதே வராந்தாவில்தான் உன் மாமாவின் போன் வந்தது. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. “வக்கீலக் கேட்டேன். அவன் பயப்பட வேண்டியதே இல்ல” என்றார். தேதி பின்னால் போனால் இடம் போய்விடாதாம். மறுபடி வரும்போது மறுபடி நம் முறைதான். இதோ, இந்த மாத அறிவிப்பில் திரும்ப வந்தும்விட்டது. வயதைப் பற்றி அவர் சொன்னதைத்தான் நான் இரண்டு முறை கேட்டேன். மரியாதையை விட்டுவிட்டுக் கேட்டேன். மனு கிடைத்த நாளிலிருந்து அதை ஏற்றுக்கொண்ட நாள்வரை அந்த அலுவலகம் எடுத்துக்கொண்ட காலத்தை உன் வயதிலிருந்து கழித்துவிடுவார்களாம். அவர்கள் தாமதித்ததற்கு உனக்கு வயதாகக் கூடாது என்பது கணக்கு. அந்த வருஷங்களைக் கழித்தால் நீ இன்னும் அவர்களுக்குப் பிள்ளைதான். தேதி வந்ததிலிருந்து ஒரு வருஷத்துக்குள் நாம் நம் பங்குக் காரியத்தைத் தொடங்கினால் போதும். சித்தப்பா சொன்ன சொல்லால் உனக்கு ஒரு நாளும் நஷ்டமில்லை. நீ உடைத்தது எதற்காகவும் இல்லை.

“போலீஸ் சர்ட்டிபிகேட் மட்டும் சுத்தமா இருக்கணும். கேஸ் கீஸ் ஒண்ணும் இல்லையே?” என்று கடைசியாகக் கேட்டார் அண்ணன்.

“இன்னும் இல்ல” என்றேன்.

போனை வைத்துவிட்டு பஸ் ஏறினேன். வளைவுகள் ஏறும்போதெல்லாம் எனக்குக் குமட்டும். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. செம்மேட்டில் இறங்கி நேராகக் காவல் நிலையத்துக்குப் போனேன். பஸ் படிக்கட்டில் நின்று நான் பார்த்ததை, இங்கே உனக்கு எழுதியதைப் போலவே, அடித்தவன் என் மகன் என்று சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வழக்குக் கொடுத்தவள் நான். உன் சித்தப்பா இல்லை, சித்தி இல்லை. வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, தெரிந்தேதான் கொடுத்தேன். காரணத்தைக் கேட்பாய். நீ என் பின்னால் நின்று, என் பேரில், உள்ளே போக வேண்டியவன். அந்த ஊரிலும் வரிசைகள் இருக்கும். அங்கேயும் யாராவது ஒருவர் ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லிவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பார். அந்தக் கையை என் விரலைப் பிடிக்கவைத்துக் கூட்டிப்போக என்னால் முடியாது.

சித்தப்பாவுக்கு இது தெரிந்ததும் டம்ளரை என் மேல் வீசினார். நெற்றியில் பட்டது, தையல் போட வேண்டி வந்தது. பிறகு கம்பி பிரிக்கும்வரை என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. கம்பி பிரித்த அன்று நான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் பேசச் சொன்னார். தாடையை மெதுவாக அசைத்துப் பார்த்துக்கொண்டு, “கரண்ட் வந்துருச்சுங்களா அண்ணி?” என்றார். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் ஃபேனைக் கேட்கவில்லை.

“வந்துருச்சு.”

“அப்ப சாமி கெளம்பிருவானா?”

“இல்ல. அவனுக்கு இல்ல.”

 அவர் வலது கண்ணிலிருந்து மட்டும் நீர் வந்தது. இடது பக்கம் இன்னும் உணர்வில்லை என்றார்கள்.

அந்த ஒரு வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் காகிதம் எதுவும் அனுப்பவில்லை. இப்போதைக்கு எண்ணமும் இல்லை. நீ வந்து நீதிபதி முன்னால் நின்று, செய்தேன் என்று சொல்லிவிட்டு, கொடுப்பதை வாங்கிக்கொண்டு திரும்பினால், அதற்குள் அங்கே என்ன மிச்சமிருக்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம். ஒன்றும் மிச்சமில்லாமலும் போகலாம். நான் வாக்குக் கொடுக்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். போன வாரம் ஆசாரியைக் கூப்பிட்டு அடுப்படிக்குப் புதுக் கதவு போட்டுவிட்டேன். பலாப்பலகை. தாழ்ப்பாள் போடுவதில்லை.

வழக்குக்காக நீ மேலே வருவதானால் செம்மேட்டிலேயே இறங்கிக்கொள். காவல் நிலையத்துக்கு நடக்கும் தூரம்தான். அடிப்பதற்காக வருவதானால் கடைசிவரை வா. சித்தப்பா வீட்டுக்குப் போக நம் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் வெளியே நிற்பேன். இந்த வரிசையிலும் முதல் ஆள் நான்தான்.